உப்புக் குளியல்

மடுல்சீமை மலைக்குக் கடல் லொறியில் வந்தது. சண்டை ஓய்ந்து பாதைகள் திறந்திருந்த 2003ஆம் வருடம் அது. தேயிலைத் தோட்டத்தை நிர்வகித்த பெரியதுரையின் கூட்டாளி ஒருவர் திருகோணமலையிலிருந்து கற்களை ஈரச் சாக்கில் சுற்றி, ரெஜிபோம் நுரைப் பெட்டிகளில் அடைத்து அனுப்பியிருந்தார். பெட்டியைத் திறந்ததும் பங்களா வாசலில் நின்ற அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள். ஜீவராஜ் மட்டும் போகவில்லை. பங்களா வேலைக்காரன் அவன். பெட்டியைத் தூக்கவேண்டிய கை அவனுடையது.

பெரியதுரைக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. தோட்டத்தில் யாரும் அதைச் சொன்னதில்லை, மொளகாத் தொரை என்பார்கள். கோபம் வந்தால் முதலில் அவர் காது சிவக்கும், அப்புறம் கழுத்து சிவக்கும், அப்புறம் எதிரே நிற்பவனின் கன்னம் சிவக்கும். கூடையில் முற்றின இலை இருந்தால் கூடையை எட்டி உதைப்பார். காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் பிந்தி வந்தவனைக் குடைக்கம்பால் போடுவார். தொழிற்சங்கத் தலைவர்கள் வருவார்கள், துரையோடு தேநீர் குடிப்பார்கள், போவார்கள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதைச் சொன்னவன் இந்தத் தோட்டத்துக்கு வந்ததில்லை. துரைசானியே பெட்டியைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் துரைக்கு மீன்தொட்டி ஆசை பிடித்தது. ஆற்று மீன், குளத்து மீன் எல்லாம் அவருடைய அந்தஸ்துக்குக் காணாது. கடல் மீன்தான் வேண்டும். முன்கூடத்தில், குளிர்காயும் கணப்படுப்புக்குப் பக்கத்தில், ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்குக் கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்தது. பதுளை டவுனில் மீன் கடை வைத்திருந்த நிஸாம் வந்து அதைப் பொருத்தினார். பொருத்தி முடித்துவிட்டு ஜீவராஜைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இது சும்மா கல்லு இல்ல தம்பி. உசிருள்ள கல்லு. இதுட ஓட்டைக்குள்ள எத்தனையோ சாமான் உசிரோட ஈக்கி. வழியில பாதி செத்துப் பெய்த்திருக்கும். செத்தது அழுகோணும், அழுகினதத் தேச்சுக் கழுவோணும், தண்ணி மாத்தோணும். அப்பிடியே தூக்கித் தொட்டியில போட்டா தண்ணி நஞ்சாகி மீனெல்லாம் மலந்துரும்."

"எத்தன நாளைக்குங்க?"

"வாடை போற வரைக்கும். கடசியில உப்பக் கூடப் போட்டு நல்ல காரமாத் தண்ணி கலக்கி, ஒவ்வொரு கல்லா முக்கி வை. உள்ளுக்கு ஒளிச்சிக்கிட்டு ஈக்கிறதெல்லாம் தாங்க ஏலாம வெளிய ஓடி வரும். நண்டு வரும், புழு வரும். இறால் மாதிரி ஒண்ணு வந்தாலும் வரும். கண்ணு ரெண்டும் குச்சியில குத்தி வச்ச மாதிரி ஈக்கும், முன்னங்கால மடிச்சிக்கிட்டு கும்புடுற மாதிரி நிக்கும். கும்புடுறதுக்கில்ல, அடிக்க. ஒரே அடியில நண்டுட ஓட்டப் பொளக்கும், மனிசன்ட வெரலையும் பொளக்கும். அது ஒண்ணு உள்ள போனாப் போதும், தொட்டி எறச்சிக்கடைதான். வெளங்கிச்சா?"

"வெளங்குச்சுங்க."

தேயிலைத் தூள் செய்யும் ஸ்டோரில் அடுப்புச் சூடு இருக்கும், கல்லுக்குக் குளிர் ஆகாது, அங்கே வைக்கலாமே என்று ஜீவராஜ் கேட்டான். துரை முறைத்தார். தேயிலைத் தூள் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். ஸ்டோருக்குள் பழுத்த பலாச்சுளையைக் கொண்டுபோனவனுக்கு வேலை போன தோட்டம் அது. ஆகவே பங்களாவுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டிலில் நீலப் பீப்பாய்களை வெட்டி வைத்து, கொழும்பிலிருந்து வந்த உப்பைக் கரைத்து, தண்ணீரைச் சுழற்றும் சின்ன மோட்டாரைப் போட்டு, வெளிச்சம் படாமல் சாக்கால் மூடி, கற்களைக் கிடத்தினான்.

அழுகல் என்றால் அப்படி ஓர் அழுகல். கூமுட்டை நாற்றம். கல்லின் மேலே வெள்ளையாகக் கொழகொழத்துக் கிடந்ததை அவன் தினமும் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தான். கறுத்த புழுக்களைக் குறட்டால் பிடித்து இழுத்தான். தண்ணீரை இறைத்துக் கொட்டிப் புதுத் தண்ணீர் கலக்கினான். குளித்தாலும் போகவில்லை, எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகவில்லை. அவன் பெண்சாதி ஜெபமலர் பங்களாக் குசினியில் சமைப்பவள். "நீங்க கிட்ட வந்தா கருவாட்டுக் கடைக்கே வாக்கப்பட்ட மாதிரி இருக்கு" என்று சிரித்துக்கொண்டே பாயைத் தள்ளிப் போட்டாள். அவளுக்குக் கிட்ட வர அனுமதி பெற்ற ஒரே ஜீவன் ராசாத்தி. குசினிப் பூனை, கறுப்பும் வெள்ளையும். பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் மடியில் படுக்கும்.

ஒருநாள் அந்த நாற்றம் அடங்கியது. பீப்பாய்க்குள் குனிந்தால் மழை பெய்த மண் போல ஒரு வாசம்தான் வந்தது. கல்லில் ஊதாவும் பச்சையும் துளிர்த்திருந்தன. ஜீவராஜுக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அன்றைக்கென்று துரை, கணக்கப்பிள்ளையையும் ஸ்டோர் டீமேக்கரையும் கூட்டிக்கொண்டு கொட்டிலுக்கு வந்தார்.

"வாடை போச்சா?"

"போயிருச்சுங்க தொரை."

"பொய் சொல்ற."

"இல்லீங்க தொரை. வேணும்னா மோந்து பாருங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே தெரிந்தது. துரையின் காது சிவந்தது.

"நான் மோந்து பாக்கணுமா? இந்த மாட்டுக் கொட்டில்ல?" டீமேக்கர் பக்கம் திரும்பினார். "ருசி பாக்கிற கோப்பையும் கரண்டியும் கொண்டா."

தேயிலை ருசி பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கரண்டியில் எடுத்து, சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, துப்பிவிட வேண்டும். துப்புவதற்கென்றே பக்கத்தில் ஒரு பாத்திரம் இருக்கும். யாரும் முழுங்குவதில்லை. துரை பீப்பாயிலிருந்து வெள்ளைக் கோப்பை நிறையத் தண்ணீர் மொண்டு ஜீவராஜிடம் கொடுத்தார்.

"உறிஞ்சு. சத்தம் கேக்கணும்."

உறிஞ்சினான். கல்லுக்குள் அழுகிப்போன அத்தனையும் அந்த ஒரு வாய்க்குள் இருந்தது போலத் தோன்றியது. துப்புவதற்கு இடம் தேடித் தலையைத் திருப்பினான். துரையின் கை அவன் தாடையைப் பிடித்து இறுக்கியது. மற்றக் கை மூக்கைப் பொத்தியது.

"முழுங்கு."

முழுங்கினான். இன்னொரு கரண்டி. அதையும் முழுங்கினான். கோப்பை காலியாகும்வரை தாடையில் பிடித்த கை எடுபடவில்லை. துரை சிரித்தார். துரை சிரித்ததால் கணக்கப்பிள்ளையும் சிரித்தார். டீமேக்கர் கொட்டிலின் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்பச் சொல்லு. வாடை போச்சா?"

"போயிருச்சுங்க தொரை."

அவர்கள் போனதும் கொட்டிலுக்குப் பின்னால் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தான். வயிறு காலியானது, நாக்கில் ஒட்டிய ருசி மட்டும் போகவில்லை. முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை மாட்டுக் கொட்டில் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். அவமானத்தில் உடம்பு காந்தியது. அந்தக் கையைக் கடித்திருக்கலாம், கடிக்கவில்லை. கடித்திருந்தால் குசினிக்குப் பின்னால் இருக்கும் அறை போகும், ஜெபமலர் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய தாழ்ப்பாள் போட்ட கதவு போகும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். நியாயம் சொல்லச் சொல்ல ஆத்திரம் ஏறியது.

அன்று பின்னேரமே உப்புக் குளியல். உப்பை அள்ளிக் கொட்டிக் கலக்கி ஒவ்வொரு கல்லாக முக்கினான். நிஸாம் சொன்னது சரிதான். நண்டுகள் துடித்துக்கொண்டு ஓடி வந்தன, மயிர்ப்புழுக்கள் சுருண்டு விழுந்தன. எல்லாவற்றையும் வழித்து மண்ணில் கொட்டினான். கடைசியாக ஒரு பெரிய கல், வாய் திறந்த மாதிரி நடுவில் ஓட்டை. அதை முக்கியபோது ஓட்டைக்குள் இருந்து குச்சிமேல் வைத்த இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன. பக்கத்தில் ஓடிய நண்டொன்று ஓட்டையைக் கடந்தது. டக். நண்டின் ஓடு இரண்டாகப் பிளந்து மிதந்தது.

ஜீவராஜ் அசையாமல் நின்றான். கண்கள் தள்ளாடின. காரத் தண்ணீர் தாங்காமல் அது வெளியே வருவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். அவன் கல்லைச் சட்டென்று தூக்கி அளவான உப்புத் தண்ணீர்ப் பீப்பாய்க்கு மாற்றினான். அது உள்ளே போய் ஒடுங்கிக்கொண்டது. கல்லுக்குள் தேரைக்கும் படியளப்பவன் கர்த்தன் என்பார்கள். அன்றைக்குப் படியளந்தவன் ஜீவராஜ். செத்த நண்டின் சதையைக் கிள்ளி அந்த ஓட்டைக்குள் போட்டான்.

"எல்லாத்தையும் தொரத்திட்டீங்களா?" இராச்சாப்பாட்டில் ஜெபமலர் கேட்டாள். நிஸாம் சொன்ன கதையை அவனே அவளிடம் சொல்லியிருந்தான். "அந்தக் கும்புடுற சனியன் வந்துச்சா?"

"அது இதுல இல்ல" என்றான் ஜீவராஜ்.

கற்களெல்லாம் தொட்டிக்குள் போயின, அந்த ஓட்டைக் கல்லும். மீன்கள் வந்தன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டவை, மஞ்சள் தட்டு மாதிரி ஒன்று, நீலத்தில் குட்டிகள் சில. துரை சாயங்காலம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவற்றோடு பேசினார். அந்தக் குரலைத் தோட்டத்தில் மனிதர் எவரும் கேட்டதில்லை; அவ்வளவு மெதுவான குரல். ஜீவராஜ் தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் நிற்கையில், நாக்கின் அடியில் அந்தத் தண்ணீர் கரிக்கும்.

முதலில் நீலக்குட்டி ஒன்று காணாமல் போனது. அப்புறம் இன்னொன்று. கூடத்தில் சில வேளை, கண்ணாடியை நகத்தால் சுண்டுகிற மாதிரி டக்கென்று சத்தம் கேட்கும். துரை தலையைத் தூக்கிப் பார்ப்பார், ஒன்றும் இராது. வெள்ளைப் பட்டை மீன் ஒரு காலையில் தலை நசுங்கி மணலில் கிடந்தது. துரை அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஜீவராஜுக்கு அன்றைக்குச் சோறு ருசித்தது. ஊர் முழுக்க அடித்த மனிதனை அடிக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டான் என்று உள்ளுக்குள் குதித்தான். பாவி, அடுத்த அடி யார் மேல் விழும் என்று யோசிக்கவில்லை.

அன்று மத்தியானம் ராசாத்தி, தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டு படுத்திருந்ததைத் துரை பார்த்துவிட்டார். உள்ளே போனார். காட்டுப்பன்றிக்கென்று வைத்திருந்த துவக்கோடு வந்தபோது பூனை குசினி வாசலில் ஜெபமலர் வைத்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தது. அவள் தண்ணீர் ஊற்றக் குனிந்திருந்தாள். வெடித்தது. சோற்றுத் தட்டு பறந்து சுவரில் மோதியது. ஜெபமலரின் முகத்திலும் ரவிக்கையிலும் ராசாத்தியின் இரத்தம்.

"மீன் திங்கிற பூனை" என்று சொல்லிவிட்டுத் துரை போனார். ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும் என்று சும்மாவா சொன்னார்கள். வந்தது.

கொய்யா மரத்தடியில் ஜீவராஜ் குழி தோண்டினான். ஜெபமலர் பழைய சேலைத் துண்டில் சுற்றியதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகையினூடே ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அது மீனத் தொடவே இல்லீங்க. தண்ணின்னாலே அதுக்குப் பயம். எறங்கி நக்கக்கூடப் பயப்படும். ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்" என்றான். வாயில் வந்ததை அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் மண்வெட்டியை இன்னும் ஆழமாகப் போட்டான். இரவே எப்படியாவது அந்தக் கல்லை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தான். துரையோ துவக்கை மடியில் வைத்துக்கொண்டு கூடத்திலேயே படுத்துவிட்டார்.

விடிந்தபோது மஞ்சள் மீன் பாதிதான் மிச்சம். பின்பாதி இல்லை, கத்தியால் வெட்டின மாதிரி. துரை ஜெபமலரைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். ஜீவராஜ் தேநீர்த் தட்டோடு வாசலில் வந்து நின்றான்.

"பூனை செத்துப் போச்சு. மீன் இன்னும் சாகுது" என்றார் துரை. அவர் கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது. "பூனைக்குப் பழி வாங்குறியா?"

"நா தொட்டிப் பக்கமே போகலீங்க தொரை. சத்தியமாங்க."

"கண்ணாடித் துண்டு போட்டிருக்க. இல்லேன்னா பிளேடு. எங்க போட்ட?"

"கர்த்தராண இல்லீங்க..."

அடித்தார். புறங்கையால், மோதிரம் போட்ட கையால். ஜெபமலர் கணப்படுப்பின் கல்விளிம்பில் போய் விழுந்தாள். உதடு கிழிந்தது. எழுந்திருக்க முயன்றவளின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கித் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினார்.

"கல்லு எல்லாம் வெளிய எடு. கைய விட்டு ஒவ்வொண்ணா எடு. நீ போட்டது ஒன் கையிலயே வெட்டட்டும்."

ஜீவராஜ் வாசற்படியைத் தாண்டக் காலெடுத்தான். "தொரை, நா எடுக்கிறேனுங்க."

"நீ அங்கயே நில்லு."

அவள் ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். தண்ணீருக்குள் கையை விட்டாள். முதல் கல்லைத் தூக்கித் தரையில் வைத்தாள். உதட்டிலிருந்து இரத்தம் சொட்டித் தண்ணீரில் கலங்கியது. இரண்டாவது கல். மூன்றாவது. ஓட்டைக் கல் மூலையில், அடியில் இருந்தது. அதன்மேல் சாய்ந்திருந்த கல்லை அவள் எடுத்ததும் அதன் வாய் வெளிச்சத்துக்கு வந்தது. குச்சிக் கண்கள் அசைவதை வாசலிலிருந்தே ஜீவராஜ் பார்த்தான். மாப் பிசைந்து, தேங்காய் துருவி, அவன் காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் நெற்றியில் பற்றுப் போட்ட கை அது. விரல்கள் கல்லின் வாய்க்கு நேரே இறங்கின.

தட்டைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான். தோளால் அவளை இடித்துத் தள்ளிவிட்டு, வேறு எந்தக் கல்லையும் தொடாமல், நேரே அந்தக் கல்லைப் பிடித்தான்.

டக்.

கட்டைவிரலில் சுத்தியலால் அடித்த மாதிரி இருந்தது. தண்ணீர் சிவந்தது. நகம் நடுவில் பிளந்து எலும்பு தெரிய, அலறிக்கொண்டு கல்லைத் தூக்கித் தரையில் எறிந்தான். கல் உடைந்தது. உள்ளிருந்து அது உருண்டு விழுந்தது. பச்சையும் சிவப்பும் நீலமுமாக, ஒரு சாண் நீளம்தான், அத்தனை அழகு. நிமிர்ந்து நின்று, முன்கால்களை மடித்து, துரையின் சப்பாத்தைப் பார்த்து ஓங்கியது. துரை இரண்டடி பின்வாங்கினார். தோட்டத்தில் துரை பின்வாங்கியதைப் பார்த்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

அப்புறம் மிதித்தார். அது சாகச் சுணங்கியது. சப்பாத்தின் அடியில் டக், டக்கென்று அடித்துக்கொண்டே செத்தது.

துரை ஜீவராஜைப் பார்த்தார்.

"இத்தன கல்லுல இந்தக் கல்லுன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

துரையின் கேள்வி அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. சுவரோரம் நின்ற ஜெபமலரும் அதே கேள்வியை வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பார்வை அவன் முகத்திலிருந்து உடைந்த கல்லுக்குப் போய், திரும்ப அவன் முகத்துக்கு வந்தது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

துரை கணப்படுப்புக் கிளறும் இரும்பை எடுத்தார். முதுகில் விழுந்தது, தோளில் விழுந்தது, தடுத்த முழங்கையில் விழுந்தது. ஒரு குத்தில் கன்னத்தின் உட்பக்கம் கிழிந்தது. ஜீவராஜ் கத்தவில்லை. அடி விழ விழ ஒருவித ஆறுதலாகக்கூட இருந்தது. மற்ற நாளாக இருந்தால் ஜெபமலர் குறுக்கே விழுந்து காலைப் பிடித்திருப்பாள். அன்று அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

பொழுது உச்சிக்கு வருமுன் இருவரும் பங்களாவை விட்டு இறங்கினார்கள். தகரப்பெட்டி அவள் தலையில் இருந்தது. பங்களாப் பாதை முடிகிற இடத்தில் மலைத்தண்ணீர் விழும் பீலி ஒன்று உண்டு. அங்கே பெட்டியை இறக்கி வைத்து, அவனைக் கல்லில் உட்காரச் சொன்னாள். விழுகிற தண்ணீரில் அவன் கட்டைவிரலைக் கழுவினாள். சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து, பிளந்த நகத்தைச் சேர்த்துவைத்து, நோகாமல் சுற்றி, முடிச்சுப் போட்டாள். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று ஒருதரம் இழுத்துப் பார்த்தாள்.

பிறகு ஓங்கி அவன் கன்னத்தில் அறைந்தாள்.

இரும்புக்குக் கத்தாதவன் அந்த அறைக்குக் கத்தினான். பதினொரு வருடக் குடித்தனத்தில் அவள் அவனை நீ என்று சொன்னதில்லை.

"நீ அன்னைக்கு அந்தத் தண்ணிய அவன் மூஞ்சியிலேயே துப்பியிருக்கணும்" என்றாள். "அடிச்சிருப்பான். வேல போயிருக்கும். இதே பொட்டியத் தூக்கிக்கிட்டு இதே பாதையில வந்திருப்போம். நா சந்தோசமா வந்திருப்பேன். நீ முழுங்கிட்டே. முழுங்கினதக் கொண்டாந்து எம்மேலயும் ராசாத்தி மேலயும் துப்பிட்டே."

"ஜெபா, நா அவனத்தான்..."

"குழி தோண்டுனியே. அப்பவாச்சும் சொன்னியா?"

அவள் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். தொழிலாளர் லயத்துக்குப் போகும் பாதை இடப்பக்கம் பிரிந்தது. அவள் வலப்பக்கம், பஸ் ரோட்டைப் பார்த்து இறங்கினாள். அவளுடைய தாய்வீடு ஹாலிஎலப் பக்கம். அவன் கூப்பிட்டான், பிறகு கூப்பிடவில்லை.

மத்தியானக் கொழுந்து நிறுக்கப் போன பெண்கள் கூடைகளோடு பீலியடிக்கு வந்தார்கள். உட்கார்ந்திருந்தவனின் கட்டுப் போட்ட விரலையும் வீங்கின கன்னத்தையும் பார்த்து ஒருத்தி நின்றாள்.

"என்னாச்சுண்ணே கையில?"

ஜீவராஜின் வாயெல்லாம் உப்பாகக் கரித்தது. அவன் அதை முழுங்கினான்.

"கல்லு விழுந்திருச்சும்மா" என்றான்.